கார்டு தேய்த்து வாங்கிய வெள்ளி டாலர்கள்

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக மாதம் ஒரு மார்கன் வெள்ளி டாலர் வாங்குகிறேன், கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த பழைய அமெரிக்க நாணயம். எல்லாம் அரசுக் கருவூலத்தில் கிடந்து, அரசுச் சொத்துகளைக் கவனிக்கும் ஜி.எஸ்.ஏ. துறை விற்ற 1884-சிசி நாணயங்கள் (சிசி என்றால் கார்சன் சிட்டி). ஒன்று 420 டாலர் வீதம் 26 சேர்ந்துவிட்டன. கிரெடிட் கார்டில் 9,000 டாலர் நிற்கிறது. வட்டி 24 சதவீதம். முன்பு குறைந்தபட்சத் தொகைதான், இப்போது மாதம் 250 கட்டுகிறேன். விற்ற கடையில் கேட்டால் 310க்குத்தான் எடுப்பார்களாம். அரிய நாணயம், வெள்ளி விலை ஏறும்வரை வைத்திருக்கலாமா?

பதில்: வெள்ளி விலையை விடுங்கள். அந்த நாணயத்தில் 0.77 அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது. அவுன்ஸ் 100 டாலர் விற்றால்கூட 77 டாலர்தான். மீதியெல்லாம் 'அரியது' என்பதற்கு நீங்கள் கொடுத்த விலை.

சரி, எவ்வளவு அரியது? 1884இல் கார்சன் சிட்டியில் அடித்தது 11,36,000. அதில் 9,62,638 புழக்கத்துக்கே போகாமல் மூட்டையிலேயே கிடந்து, 1972 முதல் 1980 வரை நடந்த ஜி.எஸ்.ஏ. விற்பனைகளில் வெளியே வந்தன. பத்தில் எட்டுக்கு மேல்! அந்தக் குவியலுக்குப் புதையல் என்ற பெயர் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வருடத்து நாணயம் பளபளப்போடு தாராளமாகக் கிடைப்பதே அந்தப் புதையலால்தான். 1889-சிசி என்றால் பேச்சே வேறு. அது அந்தக் குவியலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அந்த விற்பனை தொடங்கியபோது 1884-சிசிக்குக் குறைந்தபட்ச ஏலத்தொகை 30 டாலர். அது 50 வருடத்தில் 420 ஆனது என்று உங்கள் விலையையே எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. கார்டு கேட்பதோ 24.

உங்கள் சிக்கல் நாணயம் இல்லை, அதைக் கார்டில் வாங்குவது. மாத வட்டி மட்டும் 180. நீங்கள் கட்டும் 250இல் அசலுக்குப் போவது 70. அதே மாதம் 420க்கு இன்னொன்று வாங்குகிறீர்கள். ஆக, கட்டக் கட்டக் கடன் மாதம் 350 ஏறுகிறது. வட்டியைப் பங்கிட்டால், நாணயம் ஒன்றுக்கு வருடம் 83 டாலர் வாடகை கொடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள்.

இந்த மாதமே வாங்குவதை நிறுத்துங்கள். ஒரே வருடத்து நாணயம் 26 எதற்கு? இருபதை விற்றால், 310 வீதம் 6,200 வரும். நஷ்டம்தான், மனசு கேட்காது, ஆனாலும் விற்றுவிடுங்கள். மீதிக் கடன் 2,800. நாணயத்துக்குப் போன 420ஐயும் 250ஓடு சேர்த்துக் கட்டினால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும்.

விற்கும்போது அந்தக் கடைக்காரரிடம் மட்டும் போகாமல் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அரசு போட்ட பிளாஸ்டிக் உறையை உடைக்காதீர்கள். கறுப்புப் பெட்டி, சான்றிதழ் அட்டை இரண்டும் கூடவே போகட்டும், அவற்றுக்கும் விலை உண்டு. அப்புறம், 'தரம் பிரித்து லேபிள் ஒட்டினால் இரட்டை விலை' என்று யாராவது சொன்னால், தரம் பிரிக்கும் கட்டணத்தை அவரையே கட்டச் சொல்லுங்கள்.