பொம்மை அளவு மாதிரி வீட்டுக்குள் எல்இடி போட்டால் சுவரே ஒளிர்கிறதே, ஏன்?

சுவர் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது ரெசின் வார்ப்பாக இருப்பதுதான் காரணம். வெளிப்பக்கம் அடித்த பெயின்ட் மட்டும் வெளிச்சத்தைத் தடுக்காது. ஒட்டுவதற்கு முன்பே உட்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை நிறுத்தும், வெள்ளை அதை அறைக்குள்ளேயே சிதறடிக்கும். மூலை இணைப்புகளில்தான் கசிவு அதிகம், அங்கே உள்பக்கமாக இடைவெளி அடைக்கும் புட்டிப் பசையைப் பூசுங்கள். இருட்டில் எரியவிட்டுப் பார்த்த பிறகே கூரையை ஒட்டுங்கள். அப்புறம் திறப்பது பெரும்பாடு.

பலரும் எல்இடியை முழு வெளிச்சத்தில் எரியவிடுகிறார்கள். அது வீட்டு விளக்கு மாதிரியே இருக்காது, மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட்டாக இருந்தாலும் சரி. 9 வோல்ட் பேட்டரி, 3 வோல்ட் எல்இடி என்றால் முழு வெளிச்சத்துக்கான 20 மில்லி ஆம்பியருக்கு 300 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வரும். நான் 1,000 ஓமுக்குக் குறைவாகப் போடவே மாட்டேன். 6 மில்லி ஆம்பியரே சின்ன அறைக்குத் தாராளம்.