பூல் டேபிள் வாங்கும் முன் எந்தெந்தப் பாகங்களைப் பார்க்க வேண்டும்?

முதலில் குனிந்து அடியில் பாருங்கள். கால்களின் வேலைப்பாடும் பாலீஷும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆட்டம் துணிக்குக் கீழே இருக்கும் தளத்தில்தான் இருக்கிறது. அது கல்லா, மரத்தூள் பலகையா என்று தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

நான் முதலில் வாங்கியது எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகை போட்டது. "கல் மாதிரியே நிற்கும்" என்றார் விற்றவர். நின்றது, ஒரு வருஷம். அப்புறம் ஈரம் ஏறி நடுவில் லேசாக உப்பிவிட்டது. மெதுவாக உருட்டிய பந்து பாதி வழியில் மனசு மாறி இடது மூலைக்குப் போய்விடும். வீட்டில் எல்லோரும் அந்தக் கோணலைக் கணக்கில் சேர்த்தே அடிக்கப் பழகிக்கொண்டோம். டேபிளின் கால்களைத் திருகித் திருகிப் பார்த்தேன். வளைந்தது பலகை, கால்கள் என்ன செய்யும்?

கல் என்றால் ஸ்லேட். நல்ல டேபிளில் 1 அங்குலத் தடிமனில், பெரும்பாலும் 3 துண்டுகளாக வரும். துண்டு போட்டிருக்கிறார்களே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியாக மட்டம் பார்த்துத் திருகி, இடுக்கில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, மேலே சுரண்டிச் சமப்படுத்துவார்கள். 8 அடி ஸ்லேட் டேபிள் 400 கிலோ வரை கனக்கும். அதனால் பொருத்துகிற வேலை விலைக்குள் வருகிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது குஷன், அதாவது ஓரத்து ரப்பர். பந்தின் விட்டம் 57.15 மி.மீ. ரப்பரின் முனை அதில் சுமார் 63.5 சதவீத உயரத்தில், கிட்டத்தட்ட 36 மி.மீ.யில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் வேகமான பந்து எகிறும். உயர்ந்திருந்தால் பந்தைத் துணியோடு அழுத்தி வேகத்தைத் தின்றுவிடும். பழைய டேபிள் என்றால் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் போல இறுகியிருந்தால் மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பந்து மோதும்போது ஒரு இடத்தில் மட்டும் 'தொம்' என்று செத்த சத்தம் வந்தால் பெரும்பாலும் அடியில் போல்ட் தளர்ந்திருக்கும். அது சின்ன வேலை.

துணிக்கு அதிகம் யோசிக்காதீர்கள், எப்படியும் ஒரு நாள் மாற்றத்தான் போகிறீர்கள். புசுபுசுவென்று இருப்பதில் பந்து மெதுவாக ஓடும், வொர்ஸ்டட் என்கிற வழவழப்பான கம்பளித் துணியில் வேகமாக ஓடும். அவ்வளவுதான்.

டேபிளின் பாகம் இல்லைதான், ஆனாலும் அறையைச் சொல்லாமல் விட முடியாது. 8 அடி டேபிளின் ஆடுகளம் 88 அங்குலத்துக்கு 44. நான்கு பக்கமும் 58 அங்குலக் கியூவுக்கு, அதாவது பந்தை அடிக்கும் கோலுக்கு, இடம் விட்டால் அறை 17 அடிக்குப் பதின்மூன்றரை அடியாவது வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, துடைப்பக் கம்பைக் கியூவாக வைத்து ஒரு சுற்று வந்து பாருங்கள். கம்பு சுவரில் இடித்தால் 7 அடி டேபிளைப் பாருங்கள்.