தேநீர் கொண்டுவரும் பெண்

அன்புள்ள ஐயா,

எழுபதுகளில் நம் தொலைக்காட்சியில் வந்த ஒரு தமிழ் நாடகத்தை மகளோடு பார்த்தேன். பத்து நிமிடத்தில் அவள் எழுந்துவிட்டாள். “எல்லாப் பெண்களும் அடுப்படியிலேயே நிற்கிறார்கள், அம்மா. அப்போது சிங்கப்பூர் இப்படியா இருந்தது?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
ம., தோ பாயோ

அன்புள்ள ம.,

இப்படி இல்லை. அந்த ஆண்டுகளில் என் அம்மா கல்லாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொள்வார். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தளத்துக்கு நாலைந்து பெண்கள் அதே சீருடையில் கிளம்புவார்கள். நாடகத்திலோ பட்டுச்சேலை கட்டிய மருமகள் மாமனாருக்குத் தேநீர் நீட்டிக்கொண்டிருப்பாள். அம்மா ஒருநாள், “இந்தப் பிள்ளை வேலைக்குப் போகாதா?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

பழைய நிகழ்ச்சிகளில் நான் முதலில் பார்ப்பது அந்தத் தேநீரைத்தான். மேடைப்பேச்சு போல வரும் வசனங்களை எழுதியவர் யோசித்து எழுதியிருப்பார். தேநீரை யார் கொண்டுவருவது என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார். அவர் மனம் அங்கேதான் தெரிகிறது. அது ஊரின் நடப்பு அல்ல, ஊர் அப்படி இருக்கவேண்டும் என்ற அவருடைய ஆசை.

அரசாங்கப் பிரசாரங்களை வேறு விதமாகப் படிக்கவேண்டும். 1972-இல் சிங்கப்பூர் அரசாங்கம் ‘இரண்டு குழந்தை போதும்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்ற சுவரொட்டியில் ஒரே குடையின் கீழ் இரண்டு பெண் குழந்தைகள். ஏன் இரண்டுமே பெண்? ஆண் பிள்ளை பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போன குடும்பங்கள் இருந்ததால்தான். மறுத்துச் சொல்லவேண்டிய அளவுக்கு அந்த எண்ணம் வீடுகளில் வேரூன்றியிருந்தது. 1987-இல் அதே அரசாங்கம், வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்றது. பதினைந்தே ஆண்டு!

அதனால் அந்த நாடகங்களை ஒதுக்கவேண்டாம் என்றுதான் நான் மன்றாடிக் கேட்பேன். மகளை மறுபடி உட்காரவையுங்கள். பார்த்து முடித்ததும், அந்த வருடம் உங்கள் அம்மா எங்கே வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று சொல்லுங்கள். அவருடைய சீருடைப் படம் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

அன்புடன்.