வாசகர் கேள்விகள்: இரண்டு கட்சிகள், ஒரே கஜானா

கேள்வி: டெக்சாஸில் குடியுரிமை பெற்று வாழும் என் தம்பி மகன், 2016 அதிபர் தேர்தலில் டிரம்புக்கும் போடாமல், ஹிலாரிக்கும் போடாமல், லிபர்டேரியன் கட்சிக்கு வாக்களித்ததாக இப்போதுதான் சொன்னான். வாக்கை வீணடித்துவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் கடிந்துகொள்கிறார்கள். அது என்ன கட்சி?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் தம்பி மகனைப் போல ஏறத்தாழ 45 லட்சம் பேர் அந்த ஆண்டு அக்கட்சியின் வேட்பாளரான, நியூ மெக்சிகோ மாநில முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சனுக்கு வாக்களித்தார்கள். மொத்த வாக்குகளில் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். அதிபர் தேர்தலில் அக்கட்சி எட்டிய உச்சமும் அதுவே. 1971இல் கொலராடோ மாநிலத்தில் தொடங்கப்பட்ட கட்சி அது. வியட்நாம் போரும், இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டமும், அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் நிக்சன் விலைகளையும் கூலிகளையும் அரசாணையால் உறைய வைத்ததும் அது பிறந்த காலத்தின் சூழல். நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர், அதாவது சந்தையின் சுதந்திரத்தைப் பேசிவந்த கட்சியைச் சேர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

ஒருவர் பிறருக்குக் கேடு செய்யாதவரையில் அவருடைய உடலிலும் பொருளிலும் தொழிலிலும் அரசு கைவைக்கக் கூடாது என்பது இவர்களின் அடிப்படைக் கொள்கை. அதனால் வரியைக் குறைக்கச் சொல்லும்போது குடியரசுக் கட்சியினரைப் போலவும், கஞ்சா வைத்திருப்பவரைச் சிறையில் அடைக்காதே என்னும்போதும் அயல்நாடுகளில் போர் வேண்டாம் என்னும்போதும் இடதுசாரிகளைப் போலவும் தோன்றுவார்கள். 1972இல் வர்ஜீனியாவின் தேர்வாளர் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பிரதிநிதி) ஒருவர் தம் கட்சியை மீறி இவர்களுக்கு வாக்களித்ததால், துணை அதிபர் வேட்பாளரான டோனி நேத்தன், தேர்வாளர் வாக்குப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி ஆனார்.

வீண் என்பதைப் பற்றி: டெக்சாஸில் அந்த ஆண்டு டிரம்ப் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். உங்கள் தம்பி மகன் ஹிலாரிக்கு வாக்களித்திருந்தாலும் முடிவில் ஒரு மாற்றமும் நேர்ந்திருக்காது. அவரைக் கடிந்துகொள்ள வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்தால் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் போலிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று லிபர்டேரியன்கள் சொல்வது மிகையில்லையா?
– ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

பதில்: ஓரளவு மிகைதான். 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அந்தச் சட்டத்தால் காப்பீடு பெற்ற குடும்பத்திடம் போய் இரு கட்சிகளும் ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் லிபர்டேரியன்கள் கேட்பது வேறு கேள்வி. யார் ஆண்டபோது அரசாங்கம் சிறுத்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவர் என்பதால் கடன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2001 ஜனவரியில் புஷ் பதவியேற்றபோது மத்திய அரசின் கடன் 6 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. அவர் இறங்கியபோது 10 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. ஒபாமா இறங்கியபோது 20 லட்சம் கோடியை நெருங்கியது. 2024 நவம்பரில் 36 லட்சம் கோடியைத் தொட்டது. 2024 நிதியாண்டில் அந்நாடு வட்டிக்காகச் செலவிட்ட தொகை ராணுவச் செலவையே மிஞ்சிவிட்டது. வட்டி என்றால் என்னவென்று நம் பகுதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசின் அதிகாரமும் இவ்வாறே வளர்ந்தது. கல்வித் துறையை ஒழிப்பேன் என்று 1980இல் வாக்குக் கேட்ட ரீகனின் எட்டு ஆண்டுகளிலும் அத்துறை நீடித்தது. 2001 அக்டோபரில், குடிமக்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தைப் பெரிதும் விரித்த பேட்ரியாட் சட்டத்துக்கு செனட் சபையில் 98 பேர் ஆதரவளிக்க, ரஸ் ஃபைன்கோல்டு ஒருவரே எதிர்த்து வாக்களித்தார். மறு ஆண்டு ஈராக் போருக்கான அனுமதி 77க்கு 23 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் ஹிலாரியும் பைடனும் இருந்தார்கள். 2008இல் வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தைக் குடியரசுக் கட்சி அதிபர் முன்வைக்க, ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட காங்கிரஸ் நிறைவேற்றித் தந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வளவு வீட்டில் பங்காளிகள் சாவிக்கொத்து யாரிடம் இருப்பது என்று நாள்தோறும் சண்டையிடுவார்கள். கட்டுகளை இடித்துச் சிறிதாக்கலாம் என்று எந்தப் பங்காளியும் சொல்லமாட்டார்.

அரசைப் பெருக்குவதில் இரு கட்சிகளும் ஒன்றே என்ற இந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரி என்பது என் கருத்து. விதிவிலக்காக 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரி இருந்தது. அவற்றில் பெரும்பகுதியில் அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் மறு கட்சி. பொருளாதார வளர்ச்சியால் வரி வருவாய் பெருகியதும் அதற்குக் காரணம் என்பதை இவர்கள் சற்று மெதுவாகத்தான் சொல்வார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய நாட்டில் மூன்றாவது கட்சி ஏன் தலையெடுக்கவில்லை? நம் தமிழ்நாட்டில்கூட இரண்டு கழகங்கள்தான் என்றாலும் சிறிய கட்சிகளுக்கு இடம் இருக்கிறதே?
– கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பதில்: ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி என்ற முறை உள்ள இடத்தில் காலப்போக்கில் இரண்டு கட்சிகளே நிலைக்கும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மாரிஸ் துவெர்ஜே சொன்னார். 1992இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் சுயேச்சையாக நின்று ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் பெற்றார். தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த முறையை இரு கட்சிகளும் கூடிச் சதி செய்து உண்டாக்கவில்லை. ஆனால் உண்டான முறைக்கு அவை கட்டிய வேலிகள் பல.

ஓஹையோ மாநிலத்தில் புதிய கட்சி ஒன்று வாக்குச்சீட்டில் இடம்பெற 4,33,100 கையெழுத்துகள் வேண்டும் என்றிருந்த சட்டத்தை 1968இல் உச்ச நீதிமன்றம் நீக்க வேண்டியிருந்தது. அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்திவந்த ஆணையம், 1987இல் இரு கட்சிகளின் தலைவர்கள் சேர்ந்து அமைத்தது. 2000ஆம் ஆண்டு முதல், கருத்துக் கணிப்புகளில் சராசரியாக 15 விழுக்காடு ஆதரவு இல்லாதவர்களை அது மேடையேற்றவில்லை. மேடையேறாதவரின் பெயர் மக்களுக்குத் தெரியாது, பெயர் தெரியாதவருக்கு 15 விழுக்காடு வராது.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டு நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இங்கே சிறிய கட்சி கூட்டணியில் சேர்ந்து, தொகுதிப் பங்கீட்டில் நான்கைந்து இடம் கேட்டு வாங்கிச் சட்டமன்றத்துக்குள் போய்விடுகிறது. அமெரிக்காவில் அதற்கு ஓரளவு ஈடான ஏற்பாடு, ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் தத்தம் பெயரில் நிறுத்துவது. நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மட்டும் அது இன்னும் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்துவிட்டன. மினசோட்டாவின் தடை 1997இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது, நிலையான இருகட்சி முறையை ஆதரிப்பதில் மாநிலத்துக்கு நியாயமான அக்கறை இருக்கலாம் என்று சொல்லி நீதிபதிகள் தடையை ஏற்றார்கள். மேலும், அதிபர் பதவி ஒன்றே ஒன்று. அதைப் பங்கிட முடியாது.

கேள்வி: வரியே கூடாது என்கிறார்களா?
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: கட்சியின் விருப்பம் வருமான வரியை ஒழிப்பது. 1913க்கு முன் நிலையான மத்திய வருமான வரி அங்கே இல்லை, சுங்கமும் ஆயத்தீர்வையுமே அரசை நடத்தின என்று நினைவூட்டுவார்கள். அவர்களிலும் பல பிரிவுகள் உண்டு. நீதிமன்றம், காவல், தற்காப்பு ஆகியவற்றுக்கு அரசு தேவை என்று ஒத்துக்கொண்டவர் மில்டன் ஃபிரீட்மன். அரசே வேண்டாம் என்றவர் மரே ரோத்பார்ட்.

கேள்வி: ஊருணியும் சத்திரமும் பள்ளியும் கோயில் திருப்பணியும் அரசிடம் கைநீட்டாமல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) செய்து காட்டியவை. காசி வரை நகரச் சத்திரம் இருக்கிறது. லிபர்டேரியன்கள் சொல்வதற்குச் செட்டிநாடே சான்று என்று நான் சொல்கிறேன். ஏற்கிறீர்களா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பாதி ஏற்கிறேன். மறுபாதிக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

அரசு செய்யாததை ஒரு சமூகம் தானே கூடிச் செய்தது உண்மை. ஆனால் அது முழுக்க விருப்பத்தின் பேரில் நடந்ததா? புள்ளிக்கு (மணமான ஆணின் குடும்பத்துக்கு) இவ்வளவு என்று நகரம் விதிக்கும் புள்ளி வரியைக் கட்டாமல் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஒதுங்கி இருந்திருக்க முடியும்? கோயில் மாலை வராமல் திருமணம் நடவாது என்ற நிலையில், அந்த வரிக்குக் காவலர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அரசின் கட்டாயம் மட்டுமே கட்டாயம் என்று எண்ணுவது இவர்களின் வாதத்தில் நான் காணும் பெரிய ஓட்டை. ஊரார் கட்டிய கோயிலுக்குள் ஊரார் அனைவரும் நுழைவதற்குச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பர்மா. நம் வட்டிக்கடைகளின் மேலாளும் (கடையை நடத்தும் முகவரும்) அடுத்தாளும் (அவருடைய உதவியாளரும்) ஐராவதி வடிநிலத்து உழவர்களுக்குக் கடன் கொடுத்தது அரசற்ற வெட்டவெளிச் சந்தையில் அல்ல. நிலத்தை அடமானம் வைக்க முடியும், கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் ஏறி அதை எடுத்துக்கொள்ள முடியும் என்ற உறுதியை அளித்தது பிரிட்டிஷ் சட்டமும், அதன் பின்னால் நின்ற துப்பாக்கியும். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது, கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து குவிந்தன. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. ஒவ்வொரு பத்திரமும் செல்லத்தக்கது, ஒவ்வொரு கையெழுத்தும் அறிந்து இட்டது. ஒப்பந்தத்தை மட்டும் பார்க்கிறவர் இதில் குறை காண இயலாது. நிலமிழந்த பர்மிய உழவர் வேறுவிதமாகப் பார்த்தார்.

பின்னர் நடந்தது லிபர்டேரியன்களின் அச்சத்துக்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கியது. படைத்தலைவர் நே வின் ஆட்சி 1963இல் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. மூன்று தலைமுறைச் சேமிப்பு காகிதமாயிற்று. இங்கேயும், 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே சமயத்தில் தொடங்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969இல் அரசுடைமையானது. ஆகவே வலுவான அரசு என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் நாம். அந்தச் செல்வம் எந்த அரசின் நிழலில் சேர்ந்தது என்பதையும் அறிந்தவர்கள். இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் சான்றாகக் காட்டக் கூடாது.

கேள்வி: ராஜாஜியின் சுதந்திராக் கட்சியை இந்திய லிபர்டேரியன் கட்சி எனலாமா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோட்டையூர்

பதில்: பொருளாதாரத்தில் நெருங்கிய உறவு. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சியை எதிர்த்து 1959இல் தோன்றிய கட்சி அது. 1962இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசனை அக்கட்சியின் சார்பில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது காரைக்குடி. 1967இல் மக்களவையில் 44 இடங்கள் வென்றது, அமெரிக்க லிபர்டேரியன்கள் கனவிலும் காணாத எண்ணிக்கை. ஆனால் தனிமனித வாழ்வைப் பொறுத்தவரை ராஜாஜி அவர்களோடு ஒரு பந்தியில் உட்கார முடியாது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும், மறு ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியவரும் அவரே.

கேள்வி: வெல்லவே முடியாத கட்சியால் என்ன பயன்?
– ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: சில வேளைகளில் ஒரு கோரிக்கையாவது விலைபோகும். 2024 மே மாதம் டிரம்ப் அக்கட்சியின் மாநாட்டுக்கே வந்து ஆதரவு கேட்டார். அரங்கில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தனர். போதைப்பொருள்கள் விற்கப்பட்ட சில்க் ரோடு என்னும் இணையச் சந்தையை நடத்தி ஆயுள் சிறையில் இருந்த ராஸ் உல்பிரிக்டின் தண்டனையைக் குறைப்பதாக அங்கே அவர் உறுதியளித்தார். 2025 ஜனவரியில் முழு மன்னிப்பே வழங்கினார். மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் இருப்பதுபோல வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை பரவினால் இத்தகைய கட்சிகளுக்கு வாய்ப்புக் கூடும். ஆனால் 2024இல் கொலராடோ, ஆரிகன், நெவாடா, ஐடஹோ மாநிலங்களில் அதற்கான முன்மொழிவுகளை மக்களே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அந்தத் தேர்தலில் லிபர்டேரியன் வேட்பாளர் சேஸ் ஆலிவர் பெற்றது அரை விழுக்காட்டுக்கும் குறைவு.