பந்து எழும்பாமல் உருள்கிறதா?

மூன்று வாரமாக கோல்ஃப் பழகியும் பந்து எழும்பாமல் தரையிலேயே உருள்கிறது, கிளப் செட்டை, அதாவது பந்தை அடிக்கிற மட்டைகளை, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், காசு வீண். பந்தைத் தூக்கிவிட வேண்டுமென்று கடைசி நொடியில் உடம்பு நிமிர்ந்துவிடுகிறது, கிளப் பந்தின் மண்டையில் படுகிறது, அவ்வளவுதான்; எழுப்புகிற வேலையை கிளப் முகத்தின் சாய்வே பார்த்துக்கொள்ளும். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும் இப்போதைக்கு 7ஆம் எண் அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான உலோகத் தலை கிளப்) ஒன்றே போதும், டிரைவரை (அதிக தூரம் அடிக்கிற நீளமான கிளப்) வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதலில் பந்து இல்லாமல் வீசிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் புல் உரசுகிற சத்தம் வர வேண்டும். அப்புறம் பந்தை வைத்து அரை வீச்சு, கை இடுப்பைத் தாண்டாமல். பிடியை இறுக்காதீர்கள், நான் முதல் மாதம் கொப்புளத்தோடுதான் திரிந்தேன். சரி, பட்டிங், அதாவது பந்தைக் குழியை நோக்கி மெதுவாக உருட்டிவிடுவது, பழகுகிறீர்களா? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.