சிம்னிப் பிசுக்கு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சிம்னி ஃபில்டரைச் சோடாவில் ஊறவைத்தேன். பளபளப்பு போய்க் கறுத்துவிட்டது. பழைய நிறம் வருமா?
வாசகி, மாரத்தஹள்ளி

எளிதில் வராது. உங்களுடையது அலுமினிய மெஷ். அதற்குக் காரம் ஆகவே ஆகாது: சலவைச் சோடா கறுக்கடிக்கும், காஸ்டிக் சோடா உலோகத்தையே அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கறுத்த மெஷ் வேலை செய்யும். வலை இற்றுப்போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள். இனி கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன், 20 நிமிட ஊறல், பழைய டூத் பிரஷ். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சோடா குளியல், பட்டை பட்டையாக இருக்கும் ஸ்டீல் பேஃபிள் ஃபில்டருக்குத்தான். முதலில் பழைய செய்தித்தாளால் பிசுக்கை வழித்தெடுங்கள். அப்படியே ஊறவைத்தால் உருகிய எண்ணெய் சிங்க் குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். 5 லிட்டர் கொதிநீருக்குச் சலவைச் சோடா 4 டேபிள்ஸ்பூன், லிக்விட் ஒரு ஸ்பூன், 40 நிமிடம். தண்ணீர் ஆறும்வரை விடாதீர்கள், கரைந்த எண்ணெய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெந்நீரிலேயே அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். அடுத்த எண்ணெய் அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும்.

ஸ்டீலா அலுமினியமா என்று குழப்பமா? காந்தம் ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் அலுமினியம் என்று சொல்லிவிட முடியாது. 304 ரக ஸ்டீலிலும் காந்தம் சரியாக ஒட்டாது. சந்தேகம் இருக்கும்வரை லிக்விடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழுவிய ஃபில்டரில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே?
வாசகர், ஒயிட்ஃபீல்டு

போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீராக இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியம் சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துத் துடைத்து, உடனே அலசித் துணியால் ஈரம் ஒற்றிவிடுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்: ஒன்றின் வேகத்தை இன்னொன்று தின்றுவிடும். மிஞ்சுவது நுரைதான்.

ஆட்டோ கிளீன் சிம்னிதான் வாங்கினோம். ஆனாலும் புகை போகவில்லை.
வாசகி, பிடிஎம் லேஅவுட்

ஆட்டோ கிளீன் ஹீட்டர் உள்ளே ஒட்டிய எண்ணெயை இளக்கிக் கப்பில் சொட்டவைக்கும், அவ்வளவுதான். பல மாதம் விட்டுக் கெட்டிப்பட்ட பிசின் அதற்கு மசியாது. புகை வெளியே போகும் பைப்பை அது தொடுவதே இல்லை. கப் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு செய்தித்தாள் ஒரு தாளைச் சிம்னி ஓடும்போது உறிஞ்சும் இடத்தில் வையுங்கள். தாள் நிற்காமல் விழுந்தால் அடைப்பு உள்ளேயோ பைப்பிலோ இருக்கிறது. வெளிச்சுவர் வாயில் புறா கூடு கட்டியிருக்கிறதா, மூடி பிசுக்கில் ஒட்டித் திறக்காமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாடி வீடென்றால் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

சிம்னி போட்டால் கடகடவென்று ஆடுகிறது.
வாசகர், அல்சூர்

புகையை உறிஞ்சும் புளோயர் சக்கரத்தில் எண்ணெய் ஒரு பக்கமாகக் கட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். பல மாடல்களில் நடு நட் எதிர்மரை. வழக்கமான பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். இறகில் சிறு உலோகக் கிளிப் இருந்தால் எடுக்காதீர்கள், சமநிலைக்காக வைத்தது. அது போனால் ஆட்டம் நிற்காது. மோட்டார் மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது.

பைப் இல்லாத சிம்னி. உள்ளே உள்ள கரி ஃபில்டரைக் கழுவலாமா?
வாசகி, ஜெயநகர்

சாதாரணக் கரி ஃபில்டர் என்றால் கழுவக்கூடாது. கரியின் நுண்துளைகளில் எண்ணெயும் வாசனையும் அடைந்தபின் தண்ணீர் அதை மீட்காது. பொரியல், வறுவல் தினமும் உண்டென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் புதிது மாற்றுங்கள். முன்னால் உள்ள மெஷ்ஷை அடிக்கடி கழுவினால் கரி கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும்.