கயிறும் திண்ணையும்

மேடத்துக்கு வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். மூத்தவள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். சின்னவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதினாறு முடிந்துவிட்டது, பிளஸ் ஒன் படிக்கிறான்.

ஒன்பதாவது வரைக்கும் அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் கையில் எங்கள் ஆட்கள் கட்டும் கலரில் கயிறு வந்தது. கேட்டால் கோயில் கயிறு என்றான். பிறகு அதே கலரில் பனியன். அது தெரியவேண்டும் என்று சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ். எல்லாம் 'நாங்க யாரு தெரியுமா' ரகம். போன மாதம் வீட்டில் தேங்காய் வெட்டுகிற அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு, பாட்டைச் சேர்த்து ஒரு வீடியோ போட்டிருக்கிறான். மகள் ஹாஸ்டலில் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் பண்ணினாள்.

போன வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். டவுன் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தான் என்று இவன் கூட்டாளிகள் ஒரு பையனை அடித்திருக்கிறார்கள். என் மகன் அடிக்கவில்லை, வீடியோதான் எடுத்தான். அடிபட்டவன் காலனிப் பையன். எட்டாவது வரை இவனோடு ஒன்றாகச் சுற்றினவன்தான், எங்கள் வீட்டுக்கும் வருவான். நான் வித்தியாசமெல்லாம் பார்த்ததில்லை மேடம், திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி, முறுக்கு எல்லாம் கொடுத்திருக்கிறேன். நல்ல பையன்.

இவனைக் கேட்டால், "எம்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறான். கொழுந்தனாரிடம் சொன்னேன். "இந்த வயசுல ரத்தம் சூடாத்தான் இருக்கும், விடுங்க மதினி" என்றார். ஊர் விழா ஃப்ளெக்ஸில் இவன் போட்டோவைப் போட்டதே அவர்தான்.

போனைப் பிடுங்கிவிடட்டுமா? கயிற்றை அறுத்துப் போடட்டுமா? சென்னையில் அக்கா வீட்டில் கொண்டு விடட்டுமா? தூக்கமே இல்லை.

ஒரு அம்மா

*

அன்புள்ள அம்மா,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிவாள் வீடியோ இன்றைக்கே இறங்க வேண்டும். தென்மாவட்டங்களில் இப்படி ரீல்ஸ் போட்டவர்களைக் காவல்துறை கைது செய்திருக்கிறது. பஸ்ஸில் எடுத்த வீடியோ வேறு விஷயம். அதை யாருக்கும் அனுப்பவும் கூடாது, பயந்துபோய் அழிக்கவும் கூடாது. தன்னிடம் அது இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் அவனே போய்ச் சொல்லட்டும். நீங்கள் கூடப் போங்கள்.

'அடிக்கவில்லை, வீடியோதான் எடுத்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தான்' எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை இளவயதினரிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இளவயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அப்படி ஒன்றும் மாறவில்லை. உங்கள் மகனின் போன் என்பது பக்கத்தில் நிற்கும் நூறு கூட்டாளிகள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் அந்த அடியில் பங்கு உண்டு.

கயிற்றுக்கு வருகிறேன். ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஓர் உளவியலாளர். போலந்து யூதர், இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்து மீண்டு வந்தபோது அவர் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோரையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். மனிதர்கள் எங்கே 'நாம், அவர்கள்' என்று பிரிகிறார்கள் என்பதே அவருடைய கேள்வியாக ஆனது. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார். பிறகு, 'நீ இந்த ஓவியர் கட்சி, நீ அந்த ஓவியர் கட்சி' என்று பிரித்தார். உண்மையில் குருட்டாம்போக்காகப் பிரித்ததுதான். தன் கட்சி எது என்பது மட்டும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும், மற்றவர்களில் யார் எந்தக் கட்சி என்று தெரியாது. முகம் தெரியாத இரண்டு பேருக்கு, அவர்கள் கட்சியை மட்டும் சொல்லி, காசு பங்கிடச் சொன்னபோது தன் கட்சிக்காரனுக்கே கூடக் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தன் கட்சிக்குக் கிடைப்பது குறைந்தாலும், அடுத்த கட்சிக்கு அதைவிடக் குறைந்தால் போதும் என்று பங்கு போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இல்லாத கட்சி அது!

அந்தப் பையன்களுக்குப் பின்னால் சித்தப்பா இல்லை, ஃப்ளெக்ஸ் இல்லை, பாட்டு இல்லை. உங்கள் மகனுக்கு எல்லாம் இருக்கிறது. அப்பா தூரத்தில். பாடம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, சுமாராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உழைக்காமலே கிடைக்கிற ஒரு பெருமையை அந்தக் கயிறு கொடுக்கிறது. ரீல்ஸுக்குச் சாதி தெரியாது. எந்த வீடியோவில் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் தெரியும். நின்றதையே இன்னும் பத்து மடங்கு கொண்டுவந்து கொட்டும்.

அதனால் நீங்கள் அறுத்தால் நாளைக்கு இன்னொன்று கட்டுவான், சட்டைக் கைக்குள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும், வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யவேண்டும் என்று இருக்கிறது. பள்ளி அதைச் செய்யட்டும், எல்லோருக்கும் பொதுவாக. வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது வேறு.

மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து அந்த ரீல்ஸைப் பாருங்கள். திட்டாமல், "இவரு யாரு? என்ன வேலை பாக்காரு?" என்று கேளுங்கள். அவனுக்கே பதில் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குமேல் போன் உங்கள் அறையில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து. துபாய்க்குப் பேசுங்கள், தம்பியை அடக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் வீட்டுக்காரர். 'சூடான ரத்தம்' என்று தம்பி சொல்கிறாரே, அவரிடம் இதையும் சொல்லச் சொல்லுங்கள்: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றத்தில் மாட்டினால், அவனைப் பெரியவனாகவே வைத்து விசாரிக்க வழி இருக்கிறது. ஃப்ளெக்ஸில் போட்டோ போட்டவர் கோர்ட்டில் கூட நிற்பாரா?

சென்னை வேண்டாம். இவன் போய்விடுவான், அடிபட்டவன் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போய்விடாதீர்கள். பத்துப் பேர் வாசலில் போய் நின்றால், அது அவர்களுக்கு மிரட்டலாகத்தான் தெரியும். அந்தப் பையனுக்கு விருப்பமா என்று தலைமையாசிரியர் வழியாக முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இல்லைதான். உங்கள் மகனோடு பேச ஆள் வேண்டும் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417க்குக் கூப்பிடுங்கள். உங்கள் தூக்கத்துக்கு மனநல உதவி எண் 14416, அதில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, திண்ணை. அந்த வரியை நான் நாலைந்து முறை படித்தேன். மழை நாளிலும் திண்ணைதானா அம்மா? வேறு கூட்டாளிகள் வந்தால் எங்கே உட்கார்ந்தார்கள்? காப்பி எந்த டம்ளரில்? நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் எட்டு வருஷம் உங்கள் மகன் நிலைப்படிக்கு உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் யார் உட்காரலாம் என்பதை ரீல்ஸ் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'காலனி' என்ற சொல்லும் அப்படித்தான். அரசு ஆவணங்களில் இருந்தே அதை எடுக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். நம் வாயில் இருந்து யார் எடுப்பது?

நீங்கள் பேச ஆரம்பித்தால் அவன் இதைக் கேட்பான். "நீ மட்டும் அவன வீட்டுக்குள்ள விட்டியா?" என்பான். அப்போது பாட்டி காலத்து வழக்கம், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். மடியில் இருக்கும் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, "விடல, தப்புதான்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.